ஐந்து மணி பத்து நிமிடம்

போன வாரக் கதையில் டிரைவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு ஒரு வாரமாக நாம் நம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதே கட்டிலில்தான் இருக்கிறார். முப்பத்தோரு வருடம் தொலைதூர பஸ் ஓட்டிய மனிதருக்கு இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போகக்கூட மூச்சு இல்லை. நுரையீரல் கைவிரித்துவிட்டது. வியாழக்கிழமை மாலை டாக்டர் மூத்த மகளைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு சாயங்காலத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூத்தவளை இந்த வாரம்தான் முதல்முறை சந்திக்கிறீர்கள் என்றால், அவளுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வருடமாக அதே கண்ணாடி மேசை, அதே நாற்காலி. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்.

அவளுடைய ஒரே தம்பி வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். இருவரும் பேசிக்கொண்டு இரண்டு வருடமும் சொச்சமும் ஆகிறது. அவன் வெளிநாடு கிளம்புகிற அன்று வாய்த்தகராறு. "ஊர்ல இருக்கறவன் எல்லாரையும் டிக்கெட் போட்டு அனுப்பறியே, உன் தம்பி போறது மட்டும் உறுத்துதா?" என்று அவன் கேட்டான். "போறவன் அப்படியே போயிடு" என்று இவள் சொன்னாள். அக்காவும் தம்பியும் சண்டை போட்டால் எங்கே கடித்தால் வலிக்கும் என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாத் தகவலும் அம்மா வழியாகத்தான்.

அப்பாவின் நிலைமை மோசம் என்றதும் புதன்கிழமை இவள்தான் டிக்கெட் போட்டாள். தம்பியின் போனுக்கு அனுப்பினாள். டிக்கெட்டை மட்டும் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு டிரைவர் கண்ணைத் திறந்தார். மூக்கையும் வாயையும் மூடியிருந்த மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினார்.

"எவ்வளவு இருக்கு?"

மணி எத்தனை என்று அவர் கேட்கவே மாட்டார். மணியெல்லாம் ரோட்டைப் பொறுத்தது, கிலோமீட்டரைச் சொல்லு என்பார். மூத்தவள் போனைப் பார்த்தாள். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படத்தில் ஒரு மஞ்சள் பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஆயிரத்து நூறுப்பா."

"மொத்தம்?"

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம். பறக்கிற நேரம் அஞ்சு மணி பத்து நிமிஷம். எட்டு மணிக்கு இறங்கிடும்."

டிரைவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "என் வண்டிக்கு எழுபது மணி நேரம். நடுவுல ரெண்டு தடவை டயர் பார்க்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவனுக்கென்ன... மேல சிக்னலா, ரயில்வே கேட்டா..."

அம்மா சிரித்தாள். நான்கு நாட்களில் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு டிரைவர் ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். தாடியோடு பார்த்தால் பையன் பயந்துவிடுவானாம். வார்டு உதவியாளர் சோப்பு நுரையோடு வந்து, மாஸ்க்கை நகர்த்தி நகர்த்தி, கால் மணி நேரம் பொறுமையாகச் சிரைத்துவிட்டார். அம்மா தலை வாரிவிட்டாள். இளையவன் வந்ததும் அவனிடம் என்ன பேசுவது என்று மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். 'வாடா' என்பதே போதும், மற்றது தானாக வரும் என்று முடிவு செய்துகொண்டாள். மனசு லேசாக இருந்தது.

எட்டு மணிக்கு மஞ்சள் பொட்டு ஊருக்குள் வந்து நின்றது. "இறங்கியாச்சுப்பா" என்றாள். டிரைவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு முப்பத்தைந்துக்கு, தம்பியை அழைத்துவரப் போயிருந்த அவள் கணவர் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார்.

"இங்க பாரு, எல்லாரும் வெளியே வந்துட்டாங்க. உன் தம்பியைக் காணோம். கவுண்டர்ல விசாரிச்சேன். அவன் அங்கேயே ஏறலையாம்."

மூத்தவள் அறையைவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் நின்று, இரண்டு வருடமாக அழுத்தாத அந்த எண்ணை அழுத்தினாள். ஆறு தடவை மணி அடித்தது, ஏழாவது தடவையும் அடித்தது.

"அக்கா?"

தூக்கக் குரல். பின்னால் ஏதோ ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"எங்கடா இருக்க?"

"ரூம்லதான்க்கா. என்னக்கா? அப்பாவுக்கு ஏதாவது..."

"உனக்கு ப்ளைட் எப்போ?"

"இன்னிக்கு ராத்திரி. வெள்ளிக்கிழமை பன்னெண்டு இருபது. ஒன்பது மணிக்கு வரச்சொல்லி டாக்ஸிக்குக்கூடச் சொல்லி வச்சுட்டேன்."

மூத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரி விமானத்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபது என்றால் வியாழக்கிழமை ராத்திரி முடிந்த இருபதாவது நிமிடம். வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இந்தத் தப்பு நடக்கக்கூடாது என்பதற்காக மூத்தவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போடுவாள். "வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பணும், எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்பாள். வாடிக்கையாளர் திருப்பிச் சொன்னால்தான் டிக்கெட்டைக் கையில் கொடுப்பாள். ஆபீஸில் அவளுக்கு 'பன்னிரண்டு மணி அக்கா' என்றே பெயர்.

பத்தொன்பது வருடத்தில் அவள் அதைச் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்.

"நீ டிக்கெட் அனுப்பினியே, உன் பேரைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் ஓடலைக்கா" என்று அவன் பேசிக்கொண்டே போனான். தூக்கம் போய்விட்டது, குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. "ஏதாவது எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு விட்டுட்டேன். இப்ப நீயே கூப்பிட்டுட்ட. அப்பாவுக்கு ஷூ வாங்கியிருக்கேன்க்கா. அவருக்கு எட்டா, ஒன்பதா?"

"எட்டு" என்றாள் மூத்தவள். பிறகு, "டேய், அந்த ப்ளைட் போயிடுச்சுடா" என்றாள்.

"எந்த ப்ளைட்? இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழமை?"

"நேத்து ராத்திரியே நீ போயிருக்கணும்."

அவன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ! நூறு தடவை எடுத்துப் பார்த்தேனே, நூறு தடவை பார்த்தேனே" என்று புலம்ப ஆரம்பித்தான்.

"அங்க பத்தரைக்கு ஒண்ணு இருக்கு. இப்பவே டிக்கெட் போடறேன். அப்படியே கிளம்பு. பெட்டி கிட்டி ஒண்ணும் வேணாம்."

"அப்பா எப்படிக்கா இருக்கார்? உண்மையைச் சொல்லு."

டாக்டர் சொன்னதை வியாழக்கிழமை யாரும் அவனிடம் சொல்லவில்லை. எப்படியும் ராத்திரி ஏறப்போகிறான், வழியெல்லாம் அழுதுகொண்டு வர வேண்டாம் என்று அம்மாவும் மகளும் நினைத்துக்கொண்டார்கள்.

"இருக்கார்டா. நீ கிளம்பு. பத்தரை, காலையில பத்தரை. திருப்பிச் சொல்லு."

"காலையில பத்தரை" என்று அழுதுகொண்டே சொன்னான்.

படியிலேயே உட்கார்ந்து போனில் டிக்கெட் போட்டாள். அங்கே பத்தரை என்றால் இங்கே மதியம் ஒன்று. அதே மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதே ஐந்து மணி பத்து நிமிடம். மாலை ஆறு பத்துக்கு இறங்கும். டாக்டர் சொன்ன 'சாயங்காலம்' எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியாது.

அறைக்குத் திரும்பியபோது டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். மகளின் போன் பிஸியாக இருக்கவே மாப்பிள்ளை மாமியாரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"அவன் ஏறவே இல்லையாமே. உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏம்மா சொன்னீங்க!"

"சொல்லாம? வாசலையே பார்த்துட்டுக் கிடக்கற மனுஷனை எவ்வளவு நேரம்டி ஏமாத்தறது?"

"சாயங்காலம் வர்றான்ம்மா. வேற டிக்கெட் போட்டுட்டேன். ஆறு பத்துக்கு இறங்கிடுவான்."

"காலை ப்ளைட்ல ஏன் வரலையாம்? அதைச் சொல்லு."

மூத்தவள் வாயைத் திறந்தாள். "நேரத்தைத் தப்பாப் பார்த்துட்டானாம்" என்றாள்.

இந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். முதல் வாரத்திலிருந்தே அவள் பக்கம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. சொன்னது பொய்யில்லை. அதுதான் அதில் இருக்கும் அநியாயம்.

"பெத்த அப்பனுக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்குது, இவனுக்கு நேரம் பார்க்கத் தெரியலையாம்!" அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டிரைவர் திரும்பவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அதன் பிறகு காலை முழுக்க அவர் ஒரு தடவைகூட 'எவ்வளவு இருக்கு' என்று கேட்கவில்லை. டாக்டர் வந்தார், ஊசி போட்டார்கள், மாஸ்க்கில் காற்றைக் கூட்டினார்கள். எதற்கும் அவர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. மூத்தவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. சாகிறதைவிட, பையனுக்குத் தன்மேல் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டே சாகப்போகிறாரே என்றுதான் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு அம்மா மருந்து வாங்கக் கீழே போனாள். மூத்தவள் கட்டிலைச் சுற்றி வந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் அப்பாவின் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கிளம்பிட்டான். மூவாயிரத்து இருநூறு இருக்கு."

அவர் பார்த்தார். அவ்வளவுதான்.

"அவன் மேல தப்பு இல்லப்பா. என் மேலதான். ராத்திரி பன்னெண்டு இருபது டிக்கெட். முதல் நாளே கிளம்பணும்னு எல்லாருக்கும் சொல்லுவேன். அவனுக்குச் சொல்லலை. கோவம்ப்பா. அவன்கிட்ட முதல்ல நான் ஏன் பேசணும்னு வீம்பு. வெறும் டிக்கெட்டை அனுப்பினேன். அவன் பெட்டி எல்லாம் கட்டி வச்சுட்டு இன்னிக்கு ராத்திரிக்காகக் காத்துட்டிருந்தான். உங்களுக்கு ஷூ வாங்கியிருக்கான்ப்பா. எட்டா ஒன்பதான்னு கேட்டான்." முகத்தைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

டிரைவரின் கை மெதுவாக வந்து அவள் தலைமேல் விழுந்தது. மாஸ்க்கைத் தூக்கினார்.

"எனக்கும் ஒரு வண்டி இருந்துச்சு. ராத்திரி பன்னெண்டு பத்து." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "வாரத்துக்கு ஒருத்தராவது மறுநாள் வந்து நிப்பாங்க. டிக்கெட்டை நீட்டிக்கிட்டு. கண்டக்டர் கத்துவான். நான் ஏத்திக்குவேன்."

"அப்பா, பேசாதீங்க."

"சீட் இல்லைன்னா என் பக்கத்துல உட்கார வச்சுக்குவேன்." கொஞ்ச நேரம் மாஸ்க்கை வைத்துக்கொண்டார். மறுபடி தூக்கினார். "இதை அவன்கிட்ட சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத."

"பின்ன என்ன சொல்றது?"

"தம்பிகிட்ட நேரத்தை நான் சொல்லிக்கறேன்னு நான்தான் உன்கிட்ட சொன்னேன். சொல்ல மறந்துட்டேன். அப்படிச் சொல்லு. சாகக் கிடக்கறவன், புத்தி தடுமாறிடுச்சுன்னு சொல்லு. நம்புவாங்க."

"முடியாதுப்பா."

"பழி போறவன் மேல கிடக்கட்டும். எனக்கென்ன?" அவர் கண் நிறைந்திருந்தது. "மறுபடியும் ரெண்டு பேரும் பேசாம இருந்துடாதீங்க."

அம்மாவின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. டிரைவர் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, மகளைப் பார்த்து விரலை அசைத்தார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. போனை எடுத்தாள்.

"மூவாயிரத்து நூறுப்பா."

மதியம் முழுக்க அதுதான் வேலை. இரண்டாயிரத்து அறுநூறு. இரண்டாயிரத்து முந்நூறு. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தலையை ஒரு தடவை அசைப்பார். நாலு மணிக்கு மேல் கண்ணைத் திறக்கவில்லை, தலையசைப்பு மட்டும் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து நூறு. நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, போகாமல் அறையிலேயே ஓர் ஓரமாக நின்றுகொண்டாள். அம்மா அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுநூத்தம்பதுப்பா." தலை அசைந்தது.

"அறுநூத்தி இருபதுப்பா."

தலை அசையவில்லை. மூத்தவள் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். நர்ஸ் வந்து அவள் தோளில் கை வைத்தாள். மணி ஐந்து இருபது.

அம்மா முதலில் கத்தவில்லை. பாதங்களைத் தேய்ப்பதை நிறுத்தாமல், "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் உடைந்தாள். உடைந்தபோது கோபம் எல்லாம் ஒரே ஆள்மேல் போனது.

"அவன் வரட்டும். இந்த ரூமுக்குள்ள காலை வைக்கட்டும், அப்புறம் தெரியும். காலையில வந்திருந்தா ஷேவ் பண்ணின முகத்தோட பேசியிருப்பாரேடி! பத்து மணி நேரம் பேசியிருப்பாரே!"

மூத்தவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாளே தவிர, அவளால் சொல்ல முடியவில்லை. கணவர் மறுபடியும் விமான நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் செய்து, "அவன்கிட்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, நான் சொல்லிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு பதினான்குக்குப் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினாள்.

"அக்கா, இறங்கிடுச்சு! இன்னும் கதவு திறக்கலை. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. ஒருத்தரும் நகர மாட்டேங்கறாங்க."

"சரிடா."

"முட்டாள்க்கா நான். ஒரு டிக்கெட்டை ஒழுங்காப் படிக்கத் தெரியலை. அம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

அப்பா சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மதியம் தன் தலைமேல் வந்து விழுந்த கையை அவள் நினைத்துக்கொண்டாள். அந்த மனிதர்மேல் பழி போட அவளுக்கு வாய் வரவில்லை.

"உன் தப்பு இல்லடா. என் தப்பு. ஊர்ல எல்லாருக்கும் சொல்றதை உனக்குச் சொல்லலை. உன் மேல கோவத்துல சொல்லலை. தெரியாம நடந்ததுன்னு என்னால சொல்ல முடியாது."

 மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவான், கத்துவான், போனை வைத்துவிடுவான். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"விடுக்கா" என்றான் அவன். "வந்துட்டேன்ல? நீ போட்ட டிக்கெட்லதானே வந்திருக்கேன். நான் மட்டும் என்ன, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? விடு. நீ ஒண்ணு பண்ணு. போனை அப்பா காதுல வை. நான் வந்துட்டேன்னு நானே சொல்றேன்."



"தூங்கறார்டா."

"தூங்கினா என்னக்கா, காதுல விழும். ஒரு நிமிஷம் வை. வழியெல்லாம் இதைத்தான் நினைச்சுட்டே வந்தேன். வைக்கா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "வைக்கிறேன்டா" என்றுதான் வந்தது. கால்கள் தாமாக நடந்து அறைக்குள் வந்தன. அம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள். மூத்தவள் கட்டிலருகே குனிந்து, போர்வையைக் கொஞ்சம் விலக்கி, போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"அப்பா, நான்தான்." அமைதியான அறையில் இளையவனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "வந்துட்டேன்ப்பா. காலையிலயே வந்திருக்கணும், தப்பாயிடுச்சு. இதோ, கதவைத் திறந்துட்டாங்க. அப்பா?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா? அக்கா, பேச மாட்டேங்கறாரே. என் மேல கோவமா இருக்காரா?"

அம்மா எழுந்து வந்து, மகளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.